ஒற்றை மூக்கு விளக்கு

மகன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால், பிருந்தாபனின் தாய் புஸ்பராணி யோசிக்காமல் சொல்லும் பதில், "றோட்டுக் கிண்டுறான்."

இத்தாலியின் பலேர்மோப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்து, அதற்கு மேலும் ஒன்று படித்து, கண்ணாடியும் வழுக்கையும் வாங்கிய ஒருவனைப் பெற்ற தாய் இப்படிச் சொல்லலாமா என்று அவன் சில காலம் கோபித்துப் பார்த்தான். யோசித்தால் அதில் பிழை ஒன்றுமில்லை. இந்த ஊரில் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், இன்டர்நெட் வயர் என்று எதற்காகப் பொது நிலத்தைத் தோண்டினாலும் பக்கத்தில் ஒரு தொல்லியலாளர் நின்று பார்க்க வேண்டும். பழசு ஏதும் வெளிக்கிட்டால் கையைத் தூக்கி "நில்" என்று சொல்ல வேண்டும். அப்படி நிற்பதற்கு ஆட்களை அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில் பிருந்தாபன் களப் பொறுப்பாளன். குழி தோண்டும் ஒப்பந்தக்காரர் "மூடு" என்பார். தொல்பொருள் அலுவலகம் "திற" என்னும். நிறுவன முதலாளி இரண்டுக்கும் "ஓம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார். மூன்று பக்கத்தாலும் திட்டு வாங்கி, அதை வண்ண வண்ணக் கட்டங்கள் போட்டு அறிக்கையாக எழுதுவது அவன் வேலை. கையில் மண் பட்டு வருடக்கணக்காகிவிட்டது. சப்பாத்தில் மட்டும் படும்.

அப்படிப்பட்டவனுக்குப் பலேர்மோவின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில் ஒரு ஒழுங்கை வந்து வாய்த்தது.

பல்லரோச் சந்தையின் பின்பக்கம் இருந்த அந்த ஒழுங்கை மறுமுனை அடைபட்ட ஒரு குறுகிய முட்டுச் சந்து. நுழைந்தால் முதலில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. பிறகு யாரும் வராத ஒரு கராஜ். முடிவில் ஒரேயொரு வாசல். அந்த வாசலுக்குள் இருந்தவர்கள் அவனுடைய சித்தப்பா ஞானசேகரமும் சின்னம்மா குகனேஸ்வரியும் அவர்களுடைய ஒரே மகள் சுதாஜினியும்.

கழிவுக் குழாய் மாற்றத்தான் தோண்டினார்கள். தோண்டிய இடத்தில் ஸ்பானியர் காலத்துச் சுவர் ஒன்று வந்தது. அகலப்படுத்து என்றது அலுவலகம். அகலப்படுத்தினால் அதற்குக் கீழே இன்னொரு தளம். இப்படி அகன்று அகன்று குழி ஒழுங்கையின் இரண்டு சுவரையும் தொட்டு, சித்தப்பாவின் வாசற்படியில் வந்து முட்டி நின்றது. போக வர ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு பலகை. சின்னம்மா அதில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போய் வந்தார். சுதாஜினி குதித்துப் போனாள். சித்தப்பாவால் இரண்டும் முடியாது. துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகும் கப்பலின் அறைகளைக் கழுவும்போது வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு மாற்றி, வோக்கரோடு வீட்டுக்கு வந்தவர் அவர். ஒவ்வொரு நாளும் வெளியே நடக்கச் சொன்னார் டொக்டர். அவர் வந்த கிழமையே வாசல் போய்விட்டது.

தூக்கிக்கொண்டு போகலாம்தான். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளன் தொத்தோ மண் தோண்டும் பெக்கோ மெசினுக்குப் பக்கத்தில் நின்றால் எது மெசின் என்று ஒரு கணம் பார்க்க வேண்டிய உடம்புக்காரன். "உங்கள் சித்தப்பாவை நான் ஒரு கையில் கொண்டு போய் விடுகிறேன்" என்று அவனே வந்து கேட்டான். பிருந்தாபன் அதைச் சித்தப்பாவிடம் தமிழில் சொன்னான்.

"குழிக்கு மேலாலை என்னைத் தூக்கிக்கொண்டு போக விடமாட்டன், தம்பி. வன்னியிலை அப்பிடித் தூக்கினதை நான் கனக்கக் கண்டிட்டன்."

அதற்குப் பிறகு யாரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. தன் கதிரையை வாசலுக்கு முதுகு காட்டி, குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தபடி போட்டுக்கொண்டார். அதன் கதவில் சுதாஜினியின் கலியாணக் காட் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை, பகேரியாவில் ஒரு பழைய வில்லாவில். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் தகப்பன். அவர் வராவிட்டால் அந்த இடத்துக்கு ஆள் தயார். சின்னம்மாவின் தமையன் இரத்தினம் ரொறன்ரோவிலிருந்து பட்டு வேட்டியோடு வந்து இறங்கிவிட்டார். "மச்சான் வரேலாட்டில் நான் தாரை வாத்து விடுறன், யோசிக்காதேங்கோ" என்று காண்கிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை, சித்தப்பாவைத் தவிர.

குழியைத் திங்கட்கிழமை மூடுவது என்றுதான் திட்டம். பிருந்தாபன் அதற்குப் பச்சை நிறக் கட்டம் போட்டிருந்தான்.

அதற்கிடையில் அவன் ஒரு நல்ல காரியம் செய்தான். அவன் செய்த நல்ல காரியங்கள் எல்லாம் பிறகு அறிக்கை எழுத வைத்தவைதான். ஒழுங்கை வாயில் இரும்பு வேலி, வேலிக்கு ஒரு கதவு, கதவுக்குப் பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்கும் திறப்பு களத்தில் வேலை செய்கிறவர்களிடம் மட்டும் இருக்க வேண்டும், வீட்டுக்காரர் போக வர வேண்டுமென்றால் ஒருவர் வந்து திறந்துவிட வேண்டும் என்பது விதி. சின்னம்மா மரக்கறி வாங்கப் போகவும் ஆள் கூப்பிட வேண்டியிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அவன் ஒரு திறப்பு வெட்டிக் கொடுத்துவிட்டான். கூடவே ஒரு பிரசங்கமும்.

"சின்னம்மா, திறந்தால் பூட்டவேணும். பூட்டினால் இழுத்துப் பாக்கவேணும். ஒருக்கா இல்லை, இரண்டு தரம். வெளியாள் ஆரும் குழிக்குள்ளை வந்தால் என்ரை வேலை போயிடும்."

"நான் என்ன சின்னப்பிள்ளையோ?" என்றார் சின்னம்மா. ஆனால் அன்று முதல் இரண்டு தரம் இழுத்தே பார்த்தார். அந்தச் சத்தம் சந்தை வரைக்கும் கேட்டது.

கலியாணத்துக்கு முந்தைய சனி, ஞாயிறு மழை. திங்கட்கிழமை காலையில் பெதெரிக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அந்தக் களத்தில் நின்று பார்க்கும் தொல்லியலாளர் அவள்தான். கெட்டிக்காரி. அன்றைக்கு மட்டும் கடுமையான தடிமன், மூக்கடைப்பு.

"வா. ஓடாதே. இல்லை, ஓடியே வா."

போய்ப் பார்த்தால், வாசற்படிக்கு அருகில் குழியின் ஓரத்தில் முழங்காலில் நிற்கிறாள், கோயிலில் நிற்பதுபோல. முன்னால் மண்ணுக்குள் பாதி தெரிந்தபடி, உள்ளங்கை அளவில் ஒரு களிமண் தட்டு. ஒரு பக்க விளிம்பைக் கிள்ளி மூக்கு வைத்திருந்தது. மூக்கில் கரி.

பலேர்மோவைத் தொடங்கியவர்கள் கப்பலில் வந்த பீனிசியர்கள். அவர்களுடைய விளக்குகளும் இப்படித்தான்: ஒரு சின்னத் தட்டு, விளிம்பில் ஒரு கிள்ளு. ஆனால் இந்தத் தீவில் கிடைப்பவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு மூக்கு. ஒரு மூக்கு என்றால் அதைவிடப் பழசு.

"ஒற்றை மூக்கு" என்றாள் பெதெரிக்கா மெதுவாக. "ஒற்றை மூக்கு, பிருந்தா! இந்த ஊரின் வயதையே மாற்றிவிடும். திரியின் நார்கூடக் கருகி மிஞ்சியிருக்கிறது."

பிருந்தாபன் குனிந்தான். அவனுக்குத் தடிமன் இல்லை. மண்ணின் ஈர வாசத்துக்குள்ளிருந்து இன்னொன்று எழுந்து நேராக அவன் மூக்குக்குள் ஏறியது.

நல்லெண்ணெய்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தான். அதற்குள் பெதெரிக்கா, "தொத்தொரெஸ்ஸாவுக்குப் படம் அனுப்பிவிட்டேன். நாளைக்கு வருகிறார்" என்றாள். தொத்தொரெஸ்ஸா என்றால் அலுவலகத்திலிருந்து இந்தக் களத்தைப் பார்க்கும் அதிகாரி அம்மா. அவர் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். பூட்டிய வேலிக்குள் விளக்கு எப்படி வந்தது? திறந்த வாயை அவன் கொட்டாவியாக மாற்றி மூடினான்.

பிறகு பலகையில் நண்டு நடை நடந்து சின்னம்மாவின் குசினிக்குப் போனான். அவர் கலியாணத்துக்குப் பயற்றம் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"சின்னம்மா, குழிக்குள்ளை ஏதும் வைச்சனீங்களோ?"

"ஓம். வெள்ளிக்கிழமை." உருண்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன், கண்டனியோ?"

"என்னத்தை வைச்சனீங்கள்?"

"சிட்டி விளக்கு. ஐயரோடை போனிலை கதைச்சனான். கலியாண வீட்டு வாசலை உப்பிடிப் பிளந்து வைச்சிருக்கக் கூடாதாம். மண்ணுக்கு ஒரு விளக்குக் கொளுத்திக் கும்பிடச் சொன்னவர். ஏணி நிண்டுதுதானே, இறங்கி வைச்சனான்."

"கொளுத்தினால், கும்பிட்டிட்டு எடுத்துக்கொண்டு வாறதுக்கென்ன?"

"எரியிற விளக்கை எப்பிடியடா ஏணியிலை கொண்டு ஏறுறது? மழையும் இருட்டிக்கொண்டு வந்திட்டுது. மழை வந்து தானாய் நூந்துபோனால் அது சரியில்லை. வாயாலை ஊதி நூக்கவும் கூடாது. பூவாலை நூப்பம் எண்டால் பூவும் கையிலை இல்லை. அதுதான் மண்ணை அள்ளி மூடி நூத்து, வடிவாய் அமத்திப்போட்டு வந்தனான்."

வடிவாய் அமத்தியிருந்தார். அதற்கு மேல் இரண்டு நாள் மழை வேறு அமத்தியிருந்தது.

"என்னெண்டு கும்பிட்டனீங்கள்?"

"கெதியாய் இந்தக் குழியை மூடப்பண்ணு தாயே எண்டு." சின்னம்மா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் நல்ல செய்தியை எதிர்பார்க்கிற வெளிச்சம். "மூடுறாங்களோ?"

பிருந்தாபன் ஒரு பயற்றம் உருண்டையை எடுத்து முழுதாக வாய்க்குள் போட்டுக்கொண்டான். 

செவ்வாய்க்கிழமை தொத்தொரெஸ்ஸா வந்தார். ஓய்வு பெறப்போகும் வயது. வெயிலானாலும் கையில் குடை. பேச்சு குறைவு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் விளக்கை நெடுநேரம் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவின் வாசற்படியைப் பார்த்தார். 

"எல்லாம் நிற்கட்டும். விளக்கு ஆய்வுகூடத்துக்குப் போகும். தேவைப்பட்டால் படிக்குக் கீழேயும் தோண்டுவோம்."

"எப்போது மூடலாம்?" என்று தொத்தோ கேட்டான்.

"மண் சொன்ன பிறகு."

பிருந்தாபன் துணிவை எல்லாம் திரட்டி, திரட்டியது போதாமல், பக்கவாட்டில் ஒரு கேள்வி விட்டான். "தொத்தொரெஸ்ஸா, மழை பெய்திருக்கிறது... புதிய பொருள் ஏதாவது மேலிருந்து விழுந்து கலந்திருக்குமோ?"

அவர் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். "ஒப்பந்தக்காரர் உங்களோடு பேசினாரா?"

"இல்லை, இல்லை."

"பேசுவார். எல்லாக் களத்திலும் பேசுவார்கள். மூட வேண்டியவர்களுக்கு எல்லாமே நேற்று விழுந்ததுதான்."

அவன் அலுவலகத்துக்குத் திரும்பி, பச்சைக் கட்டத்தைச் சிவப்பாக்கினான். அந்தச் சிவப்புக்குள் சனிக்கிழமையும் அகப்பட்டது.

புதன்கிழமை பின்னேரம் போனபோது சித்தப்பா தனியாக இருந்தார். அதே கதிரை, அதே குளிர்சாதனப் பெட்டி. மடியில் ஒரு பாத்திரம், கையில் செம்பு. செம்பிலிருந்து தண்ணீரை நூல் மாதிரி விட்டுப் பழகிக்கொண்டிருந்தார். கை நடுங்கி, நூல் இடைக்கிடை அறுந்தது. பிருந்தாபனைக் கண்டதும் செம்பைக் கதிரைக்குக் கீழே ஒளித்தார்.

"தண்ணி விடாய்க்குது" என்றார்.

"ஓம் சித்தப்பா, சரியான வெக்கை." வெளியே நல்ல குளிர்.

இரண்டு பேரும் கலியாணக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியும்" என்றார் சித்தப்பா. "அவள் விளக்கு வைச்சது. நான் இந்தப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தாலும் எண்ணெய் மணந்தது. சின்னம்மாவைக் காட்டிக் குடுக்காதை. உன்ரை வேலையையும் கெடுக்காதை. இரத்தினம் தாரை வாக்கட்டும். அவர் அடுக்குப் பண்ணிக்கொண்டு வந்திட்டார்."

"அவர் வேட்டியைத்தான் அடுக்குப் பண்ணினவர், சித்தப்பா."

சித்தப்பா சிரித்தார். சிரித்த முகத்தோடேயே, "வன்னியிலை பங்கருக்குள்ளை சுதாஜினியைக் கையிலைதான் வைச்சிருந்தனான்" என்றார். "சின்னப்பிள்ளை. எப்ப வெளியிலை போறது, எப்ப வெளியிலை போறது எண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்ப நான் அவளைக் கேக்கிறன்."

பிருந்தாபன் கதிரைக்குக் கீழேயிருந்து செம்பை எடுத்து மீண்டும் அவர் கையில் கொடுத்தான். 

வியாழக்கிழமை காலை தொத்தொரெஸ்ஸாவும் பெதெரிக்காவும் குழிக்குள் நின்றார்கள். விளக்கு ஆய்வுகூடத்துக்குப் போவதற்குப் பஞ்சுப் பெட்டிக்குள் படுத்திருந்தது. தொத்தோ மேலே நின்று சிகரெட் பிடித்தான். பிருந்தாபன் ஏணியில் இறங்கினான். கடைசிப் படியில் கால் வைக்கும்போதே சொல்லிவிட்டான். தரையில் நின்றால் சொல்ல மாட்டான் என்று அவனுக்கே தெரியும்.

"இது என் சின்னம்மாவின் விளக்கு. போன வெள்ளிக்கிழமை வைத்தது. இந்த வீட்டில்தான் இருக்கிறார்."

தொத்தொரெஸ்ஸா ஏணியில் கையை வைத்தார். பிறகு மேலிருந்து கைதட்டல் கேட்டது. தொத்தோதான். "பிராவோ! நான் அப்போதே சொன்னேன், நேற்றைய சாமான் என்று!"

தொத்தோ அதற்கு முன் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்தக் கைதட்டலோடு பிருந்தாபனின் உண்மை செத்துப்போனது. தொத்தொரெஸ்ஸாவின் முகம் கல்லானது.

"அழகான கதை. யார் சொல்லித் தந்தார்கள்?"

"உண்மை, தொத்தொரெஸ்ஸா."

"செவ்வாய்க்கிழமை 'மேலிருந்து விழுந்திருக்கும்' என்றீர்கள். இன்று சின்னம்மா. நாளைக்கு யார்? உங்கள் நிறுவனத்துக்கு எழுத வேண்டியிருக்கும்."

உண்மையைச் சொல்லாமல் விட்டபோது அவனை எல்லோரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னதும் கள்ளனாகிவிட்டான். ஏணியில் திரும்பி ஏறவும் முடியாது. தொத்தொரெஸ்ஸாவின் கை அதில் இருந்தது. பெதெரிக்காவைப் பார்த்தான். அவள் பஞ்சுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது வாசலில் சின்னம்மா தெரிந்தார். சிஞ்ஞோரா என்கிற வீட்டுக்காரம்மாக்களின் வீடுகளில் வேலை செய்து படித்த இத்தாலியன் அவருடையது. துடைப்பது, காய்ச்சுவது, மருந்து கொடுப்பது எல்லாம் சரளம். இலக்கணம் தேவைப்படாத இத்தாலியன். "லம்பாதா" என்ற சொல்லும் "ஸீயா" என்ற சொல்லும் காதில் விழுந்திருக்க வேண்டும், விளக்கும் சின்னம்மாவும். ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார்.

"என்னவாம் தம்பி? நம்புறாவில்லையோ?"

"இல்லை, சின்னம்மா. நீங்கள் உள்ளை போங்கோ."

"ஏன் உள்ளை? போதும், இவ்வளவு நாள் உள்ளையிருந்தது."

படியில் குந்தி, பெட்டியைத் திறந்தார். பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றிய பொட்டலங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படியில் வரிசையாக வைத்தார். கார்த்திகை விளக்கீட்டுக்கென்று கிளிநொச்சிச் சந்தையில் வாங்கி வந்த சிட்டிகள். எல்லாவற்றுக்கும் ஒரே உடம்பு, ஒரே கிள்ளு, ஒரே மூக்கு. பீனிசியரின் ஒரு குடும்பமே வந்து படியில் குந்தியிருப்பதுபோல இருந்தது.

ஒன்றில் எண்ணெய் விட்டுத் திரி வைத்துக் கொளுத்தினார். வாசம் குழிக்குள் இறங்கியது. தொத்தொரெஸ்ஸா பஞ்சுப் பெட்டியை வாங்கி, அந்த விளக்கை முகர்ந்தார். மேலே எரியும் விளக்கைப் பார்த்தார். மீண்டும் முகர்ந்தார்.

"ஏன் மண்ணால் மூடினீர்கள்?" என்று சின்னம்மாவிடமே கேட்டார்.

சின்னம்மாவுக்குக் கேள்வி விளங்கியது. வாயைக் குவித்துக் காட்டினார். விரலை ஆட்டினார். "சிஞ்ஞோரா, போக்கா நோ! போக்கா, நோ!" பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வாயாலை ஊதப்படாது எண்டு வடிவாய்ச் சொல்லு தம்பி, இவ படிச்சவ, விளங்கும்."

பிருந்தாபன் சொன்னான். கலியாணத்தைச் சொன்னான். உள்ளே முதுகு காட்டி இருக்கும் மனிதரைச் சொன்னான். எதற்காக விளக்கு வைத்தார் என்பதையும் சொன்னான். குழியைக் கெதியாய் மூட வேண்டும் என்ற வேண்டுதல் குழியை மூட விடாமல் பண்ணிய இடத்தில் தொத்தொரெஸ்ஸாவின் உதடு ஒரு பக்கம் துடித்தது. அவர் உடனே குடையைப் பார்த்தார்.

பெதெரிக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தாள். "மண் இளகியிருந்தது. கண்டேன்" என்றாள், மூக்கைச் சீறிவிட்டு. "மழை என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க ஆசையாக இருந்தது." பிருந்தாபனுக்குத் தன்னைவிட அவளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. மேலிருந்து சின்னம்மா அவளுக்கு ஒரு பயற்றம் உருண்டையை நீட்டினார். அவள் அழுதபடியே வாங்கிக் கடித்தாள்.

தொத்தொரெஸ்ஸா தீர்ப்பைச் சொன்னார். விளக்கை எறியக் கூடாது. அதற்கும் ஒரு அடுக்கு எண் போட வேண்டும், காலம்: தற்காலம். "போன வெள்ளிக்கிழமையும் ஓர் அடுக்குத்தான்" என்றார். அடியில் வேறொன்றுமில்லை என்று பெதெரிக்கா கையெழுத்திட்டால் நாளைக்கு மூடலாம். படியில் இருந்த சிட்டிகளில் ஒன்றை எடுத்தார். அரச அலுவலர் பரிசு வாங்கக் கூடாதென்பதால் அதற்கும் ஒரு துண்டு கட்டினார்: ஒப்பீட்டு மாதிரி. பைக்குள் வைத்த கவனத்தைப் பார்த்தால் மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போகும்போலத் தெரியவில்லை.

பிறகு, பிருந்தாபன் எதிர்பார்த்த கேள்வி. "வேலித் திறப்பை யார் கொடுத்தது?"

"நான்."

"உங்களுடையதைத் தாருங்கள். இந்தக் களத்துக்கு இனிப் பெதெரிக்கா பொறுப்பு. நிறுவனத்துக்கு நான் எழுதுவேன். வேறு மாதிரி எழுதுவேன், ஆனால் எழுதுவேன்."

அவன் கொடுத்தான்.

"சின்னம்மாவின் திறப்பு?"

"அவர்கள் வெளியே போக வேண்டும், தொத்தொரெஸ்ஸா. சனிக்கிழமை..."

"திங்கட்கிழமை கொண்டுவந்து தருவார்" என்று சொல்லிவிட்டு அவர் ஏணியிலிருந்து கையை எடுத்தார்.

நிறுவன முதலாளி அன்று பின்னேரமே போன் செய்தார். நெடுஞ்சாலையோரம் மண்ணுக்குள் வயர் தாழ்க்கும் ஒரு வேலை இருக்கிறதாம். வெட்ட வெளி. சுற்றிவர வீடே இல்லை. "உறவினர் யாரும் அங்கே இருக்கிறார்களா?" என்று கேட்டார். பிருந்தாபன் யோசித்துப் பார்த்து இல்லை என்றான்.

வெள்ளிக்கிழமை மண் நிரப்பினார்கள். லொறி ஒழுங்கைக்குள் வராது. மீன்காரர்களின் வசவுகளுக்கு நடுவே தள்ளுவண்டியில்தான் மண் வந்தது. வேலை முடியும் நேரத்தில் எல்லாம் நிரம்பி, வாசற்படிக்கு முன்னால் மட்டும் இடுப்பளவு பள்ளம் மிஞ்சியது. "திங்கட்கிழமை" என்றான் தொத்தோ, கைகளை விரித்து. போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு அகலப் பலகைகளைச் சேர்த்துக் கட்டி வைத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை சித்தப்பா பட்டு வேட்டி, சால்வையோடு வாசலில் நின்றார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு முகம் வெளியே பார்த்து. சுதாஜினி விடியவே சோடனைக்குப் பகேரியா போய்விட்டாள். பெரிய தெருவில் வானை நிறுத்தி வைத்து இரத்தினம் ஹோர்ண் அடித்துக்கொண்டிருந்தார். வோக்கரின் சில் பலகையில் ஏறியதும் பலகை நடுவில் வளைந்தது. சித்தப்பா காலை இழுத்துக்கொண்டார்.

"ஏலாது தம்பி."

பிருந்தாபனும் வேட்டியில்தான் நின்றான். அதைத் தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் குதித்தான். பலகையின் நடுப்பகுதிக்குக் கீழே தோளைக் கொடுத்து நிமிர்ந்தான். பட்டம் இரண்டும் எடுத்ததற்கு அன்றைக்குத்தான் தொல்லியலில் ஏதோ ஒன்றைத் தாங்கியதுபோல இருந்தது.

"இப்ப வளையாது. நடவுங்கோ."

"குழி தெரியுது."

"குழியைப் பாக்காதேங்கோ, சித்தப்பா. என்ரை வழுக்கையைப் பாருங்கோ. அதைப் பாத்துக்கொண்டு வாங்கோ."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பலகை முனகியது. ஒரு சில், ஒரு கால், ஒரு மூச்சு. நடுவில் வந்ததும் அவர் நின்றார். அவர் கை கீழே வந்து பிருந்தாபனின் தலையில் ஊன்றியது. 

"உது எந்தக் காலத்து அடுக்கு?" என்றார் சித்தப்பா.

"பாத்துச் சொல்லுங்கோ."

"கீழை கிண்டினால் மூளை ஏதும் அகப்படுமோ?"

"இதுவரைக்கும் ஒண்டும் வெளிக்கிடேல்லை."

கை மெதுவாக எடுபட்டது. சில் மறுகரையில் இறங்கும் சத்தம் கேட்டது. "ஐயோ, நேரம் போகுது, ஐயர் பேசப்போறார்" என்று சின்னம்மா சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். நிரப்பிய மண்ணுக்கு மேலால் சித்தப்பா நடந்துபோவதைப் பிருந்தாபன் பள்ளத்துக்குள் நின்று, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

பிறகு பழக்க தோஷம். பலகையை அப்படியே விட்டால் யாராவது விழுவார்கள் என்று குனிந்து அதைக் கீழே இறக்கினான். ஒரு முனை சேற்றில் புதைந்துகொண்டது. அதை இழுத்தெடுக்கும்போது ஒழுங்கை வாயில் ஒரு சத்தம். இரும்பு இரும்பில் விழும் சத்தம். பிறகு டக். பிறகு இன்னொரு டக்.

ஏறி ஓடிப்போய்ப் பார்த்தபோது வானின் புகை மட்டும் நின்றது.

சின்னம்மாவை அழைத்தான். எடுக்கவில்லை, நாதஸ்வரத்துக்குள் எந்தப் போன் கேட்கும்? பெதெரிக்காவின் போன் நிறுத்தியிருந்தது. தொத்தோ எடுத்தான். விசயத்தைக் கேட்டான். சிரித்தான். மனைவியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னான். பிறகு தன்னிடம் இருந்த திறப்பையும் தொத்தொரெஸ்ஸா வாங்கிவிட்டதாகச் சொன்னான். வேலியில் ஏறிப் பார்த்தான் பிருந்தாபன். ஏறினான் என்று சொல்ல முடியாது. வேட்டி ஏறியது, அவன் இறங்கினான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கத்தரிக்காய்க்காரர், "உள்ளே யார்?" என்று குரல் கொடுத்தார்.

"தொல்லியலாளன்."

"ஏதாவது கிடைத்ததா?"

"நான்தான்."

திரும்பி வந்து படியில் இருந்தான். சின்னம்மா போகும்போது கொளுத்திய சிட்டி அங்கே எரிந்துகொண்டிருந்தது. போனில் சுதாஜினியின் சிநேகிதி தர்சனா கலியாணத்தை நேரலையாக விட்டுக்கொண்டிருந்தாள். படம் ஆடியது, நின்றது, ஒரு மாமியின் கொண்டையைக் காட்டியது. பிறகு மணவறை. சித்தப்பா இருந்தார். கைக்குள் மகளின் கை. அவர் செம்பைச் சரித்தார். தண்ணீர் நூலாக இறங்கியது.  நூல் ஒரு முறை விலகி, பக்கத்தில் உதவிக்கென்று நெருங்கி நின்ற இரத்தினத்தின் புதுப் பட்டு வேட்டியில் விழுந்து, திரும்பி வந்து விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அறவில்லை.

பிருந்தாபன் ஆளில்லாத ஒழுங்கையில் எழுந்து நின்று கை தட்டினான். கத்தரிக்காய்க்காரரும் காரணம் தெரியாமல் வெளியிலிருந்து தட்டினார்.

பசி வந்த நேரத்தில் போன் வந்தது. பின்னால் தட்டுகளும் பிள்ளைகளும் சத்தம் போட்டன.

"எங்கையடா நிக்கிறாய்?" என்றார் சின்னம்மா. "சித்தப்பா உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். சோறு முடியப்போகுது."

"உங்கடை வாசலிலை, சின்னம்மா."

"வாசலிலையோ? அங்கை எப்பிடி நிப்பாய்? நான் பூட்டிப்போட்டெல்லோ வந்தனான்."

"ஓம். பூட்டிப்போட்டுத்தான் போயிருக்கிறியள்."

 அவர் பதறப்போகிறார், அவரைத் தேற்ற வேண்டும் என்று பிருந்தாபன் வார்த்தை தேடினான்.

"இரண்டு தரம் இழுத்தும் பாத்தனான்" என்றார் சின்னம்மா, பெருமையாக.